இரண்டு வாள், ஒரு ‘போதும்’

2025 குருத்தோலை ஞாயிறுக்கு இரண்டு நாள் முன்பு, திருகோணமலையில் எங்கள் கோயிலில் திருப்பாடுகள் வாசிக்க ஒத்திகை நடந்தது. கதையைச் சொல்லிக்கொண்டு போகும் பகுதி எனக்கு. சீடர், சேவகர், கூட்டம் எல்லாம் பாடகர் குழுவுக்கு. இயேசுவின் வார்த்தைகள் இளம் உதவிப் பங்குத்தந்தைக்கு. கடற்காற்று அடியாத புழுக்கமான பின்னேரம். லூக்கா 22ஆம் அதிகாரம் 38ஆம் வசனத்தில் அவர் நிறுத்திவிட்டார்.

“மாஸ்டர், இதை எப்பிடி வாசிக்கிறது? சாந்தமாவோ, கோவமாவோ?”

“ஃபாதர், அதை எத்தனையோ நூற்றாண்டாக் கேட்டுக்கொண்டுதான் இருக்கினம்.”

பாடகர் குழுப் பிள்ளைகள் சிரித்தார்கள். ஆனால் நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

இடம் இதுதான். இராவுணவு முடிந்துவிட்டது. முன்பு உங்களைப் பணப்பைகூட இல்லாமல் அனுப்பினேனே, ஏதாவது குறைவு வந்ததா என்று இயேசு கேட்கிறார். இல்லை என்கிறார்கள். இனி அப்படியில்லை, பை இருப்பவன் எடுத்துக்கொள்ளட்டும், வாள் இல்லாதவன் மேலாடையை விற்றாவது ஒன்று வாங்கட்டும் என்கிறார். கொடியவருள் ஒருவராக எண்ணப்படுவார் என்று எசாயா 53 சொன்னது தம்மிடம் நிறைவேற வேண்டும் என்றும் சேர்க்கிறார். சீடர்கள் உடனே இரண்டு வாளை எடுத்துக் காட்டுகிறார்கள். அதற்கு அவர் சொல்வது ஒரே சொல்: போதும்.

நற்செய்தியாளர் நால்வரில் லூக்கா மட்டுமே இதை எழுதியிருக்கிறார். ஆகவே மற்றவரிடம் போய்ச் சரிபார்க்க வழியில்லை.

தமிழில் இந்தச் சொல்லைக் காகிதத்தில் மட்டும் கண்டு பொருள் கொள்ள முடியாது. இலையில் சோறு விழும்போது கையை மறித்துச் சொல்கிற ‘போதும்’ நிறைவு. பிள்ளைகள் இரண்டும் மயிரைப் பிடித்துச் சண்டை போடும்போது குசினிக்குள்ளிருந்து தாய் சொல்கிற ‘போதும்’ அதட்டல். நாள் முழுக்க ஒன்றைச் சொல்லிச் சொல்லி விளங்காத பிள்ளையிடம் வாத்தியார் கடைசியில் சொல்கிற ‘போதும்’ இருக்கிறதே, அது இரண்டுமில்லை. புத்தகத்தை மூடுகிற ‘போதும்’. கிரேக்க மூலத்தின் ‘ஹிகனோன் எஸ்தின்’, இலத்தீனின் ‘சாத்திஸ் எஸ்த்’ இரண்டுக்கும் இந்தக் குழப்பம் உண்டு. தமிழாக்கியவர்கள், சீர்திருத்தத் திருச்சபையாரின் பழைய வேதாகமத்திலும் சரி, கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்திலும் சரி, ‘போதும்’ என்றே வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் 2011இல் திருத்தி வெளியான நியூ இன்டர்நேஷனல் வெர்ஷன் ஓர் ஆச்சரியக்குறியைப் போட்டு விவகாரத்தை முடித்துவைத்தது. அந்தக் குறி மொழிபெயர்ப்பு அல்ல, தீர்ப்பு. தீர்ப்பு சரியாகவே இருக்கட்டும். அதைச் சொல்லும் இடம் பக்கத்தின் அடியில் உள்ள குறிப்பு.

பழைய வேதாகமம் பற்றி இன்னொன்று. அதில் வாள் என்பது ‘பட்டயம்’. செப்புப் பட்டயம், பட்டயக் கணக்காளர் என்று பழகிய காதுக்குச் சீடர்கள் இரண்டு சாசனத்தை நீட்டியதுபோலக் கேட்கும். வேடிக்கை என்று தள்ள வேண்டாம். மேற்குலகத் திருச்சபை பல நூற்றாண்டு இந்த வாள்களை ஏறக்குறைய அப்படித்தான் வாசித்தது, அதிகார சாசனங்களாக.

தெளிவில்லாத வாக்கைக் கிறிஸ்தவர்கள் எப்படி வாசிக்கிறார்கள் என்று கேட்டால், பொதுவாக மூன்று பழக்கத்தைக் காணலாம். சொல்லை நேர்ப்பொருளில் இறுகப் பிடிப்பது. சொல்லுக்குப் பின்னால் மறைபொருள் தேடுவது. முன்னும் பின்னும் படித்துச் சூழலுக்கு ஒப்புவிப்பது. மூன்றும் திருச்சபைத் தந்தையரிடமே உண்டு. கிறிசோஸ்தோம், பாஸ்காச் செம்மறியை அறுக்க வைத்திருந்த கத்திகளாக இருக்கலாம் என்று நடைமுறை அறிவோடு யோசித்தார். ‘மக்காய்ரா’ என்ற கிரேக்கச் சொல் கத்தியையும் குறிக்கும் என்பதால் அது வெறும் ஊகமல்ல. அம்புரோஸ் பழைய ஏற்பாடும் புதிய ஏற்பாடுமே இரண்டு வாள் என்றார். அழகான கருத்து, ஆனால் லூக்கா எழுதிய காலத்தில் ‘புதிய ஏற்பாடு’ என்று ஒரு புத்தகம் கிடையாது.

மறைபொருள் தேடியவர்களில் அதிகம் செல்வாக்குப் பெற்றவர் கிளேர்வோ பெர்னார்து. ஆன்மிக வாள், உலகியல் வாள், இரண்டும் திருச்சபையுடையவை. ஒன்றைக் குருவின் கை ஏந்தும், மற்றதைக் குருவின் சைகையில் போர்வீரன் கை ஏந்தும் என்று 12ஆம் நூற்றாண்டில் எழுதினார். 1302 நவம்பர் 18இல், பிரான்சின் நான்காம் பிலிப் அரசனோடு மல்லுக்கட்டிய எட்டாம் போனிஃபாஸ் பாப்பரசர் ‘ஊனாம் சாங்தாம்’ ஆணையில் இதைத் தூக்கி நிறுத்தினார். அவர் வாதம் இந்தச் சொல்லின் மேல்தான் நிற்கிறது: இரண்டு வாள் என்று சீடர்கள் சொன்னபோது ஆண்டவர் மிகுதி என்று சொல்லவில்லையே, போதும் என்றல்லவா சொன்னார்!

சட்டத்தரணி பேசுகிற பேச்சு இது. தாந்தே தமது ‘மொனார்க்கியா’வில் இதை உடைத்தார். பேச்சு பன்னிருவரிடம் நடந்தது; ஆளுக்கொன்று என்றால் பன்னிரண்டு வாள்; இரண்டைக் காட்டிய பேதுரு வழக்கம்போல யோசியாமல் பதில் சொன்னார், அந்தப் பதிலுக்குள் தத்துவம் தேடுவது வீண் என்றார். பேதுருவின் பெயர் லூக்காவில் இல்லை, அது தாந்தே சேர்த்தது. ஆனாலும் எண்ணிக்கையைப் பிடித்தாரே, அதுதான் விவகாரத்தின் சாவி என்பது என் எண்ணம். அதற்குத் திரும்பி வருகிறேன்.

இந்த ஊரில் இருந்துகொண்டு அந்த இரண்டு வாளை வெறும் ஐரோப்பியத் தகராறாக வாசிக்க முடியாது. டச்சு விரிகுடாவிலிருந்து நடந்தால் சில நிமிடத்தில் பிரடரிக் கோட்டை வாசல். 1620களின் தொடக்கத்தில் கான்ஸ்தந்தீனு தெ சா தலைமையில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லைக்கொண்டே கோட்டை கட்டினார்கள். சித்திரைப் புத்தாண்டில், சுவாமி ஊர்வலம் போன வேளையில், பூசகர் வேடத்தில் உள்ளே புகுந்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். பெர்னாவு தெ கெய்றோஸ் என்ற இயேசுசபைக் குரு 1687இல் கோவாவில் எழுதி முடித்த இலங்கை வரலாற்றின் தலைப்பே ‘இலங்கையின் உலகியல், ஆன்மிக வெற்றி’. இரண்டு வாளையும் ஒரே அட்டையில் கட்டிவைத்திருக்கிறார்.

தளபதி லூக்காவைப் படித்துவிட்டுக் கோயிலை இடித்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அபத்தம். ஆழமான துறைமுகம், கண்டி அரசனை நெருக்க ஒரு தளம், மற்ற ஐரோப்பியர் வந்து இறங்கிவிடுவார்கள் என்ற பயம், இவையே கையில் கடப்பாரையைக் கொடுத்தன. வசனம் செய்த வேலை வேறு. முடியின் வாளும் மறையின் வாளும் ஒரே உறையில் இருப்பது இயல்பு என்று அதற்கு முன்னூறு ஆண்டாகப் பழக்கிவைத்தது. கையைத் தடுத்திருக்கக்கூடிய ஒரு சொல்லையே கைக்கு அனுமதியாக மாற்றிவைத்தார்கள். குற்றச்சாட்டு இவ்வளவுதான், ஆனால் இது சின்னதல்ல.

அதே கோட்டை வாசலின் நிலைக்கல்லில் இரட்டைக் கயலும் சிதைந்த தமிழ் எழுத்துகளும் இருக்கின்றன. குளக்கோட்டன் என்ற அரசன் கோணேசர் கோயிலுக்குச் செய்த திருப்பணியைப் பின்னாளில் பரங்கி பிரிப்பான் என்ற முன்னறிவிப்பாக ஊர் அதை வாசிக்கிறது. கல்லில் எஞ்சியிருப்பது துண்டுச் சொற்கள். முழுப் பாட்டும் மக்கள் வாயில்தான் இருக்கிறது. இடைவெளியை நினைவு நிரப்புகிறது. சைவ நண்பர்களைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை, துண்டுச் சொல்லை வைத்து முழு வீடு கட்டுகிற வித்தையில் நாங்கள் அவர்களுக்கு இளைத்தவர்கள் அல்ல.

துண்டுச் சொல் எப்படித் திரிகிறது என்பதை வேதமே ஓரிடத்தில் பிடித்துக் காட்டுகிறது. யோவான் 21. கரையில் கரிநெருப்பு, வலையில் 153 பெரிய மீன். (அந்த 153க்கு அகுஸ்தினார் ஒன்றிலிருந்து பதினேழுவரை கூட்டிக் கணக்குப் பார்த்து, பத்துக் கட்டளையும் ஆவியின் ஏழு கொடையும் என்றார். கரைவலைக்காரரைக் கேட்டால் பங்கு பிரிக்க எண்ணியிருப்பார்கள் என்பார்கள். நான் கரைவலைக்காரர் பக்கம்.) பேதுரு அன்புச் சீடரைக் காட்டி, இவருக்கு என்ன ஆகும் என்று கேட்கிறார். நான் வரும்வரை அவன் இருக்க வேண்டும் என்று நான் விரும்பினால் உனக்கென்ன என்கிறார் இயேசு. உடனே அந்தச் சீடர் சாகமாட்டார் என்ற கதை சகோதரரிடையே பரவிவிட்டது. யோவான் நற்செய்தி நிதானமாகத் திருத்துகிறது: சாகமாட்டான் என்று அவர் சொல்லவில்லை, விரும்பினால் என்றுதான் சொன்னார். ஒரு ‘ஆல்’ விகுதியைக் காது தவறவிட்டதால் வந்த வினை. திறனாய்வுக்கு இதைவிட நல்ல முன்மாதிரி வெளியே தேட வேண்டியதில்லை. சொன்னது என்ன, கேட்டவர் எடுத்துக்கொண்டது என்ன என்று பிரித்துப் பார். சொன்னவரின் அடுத்த அசைவைக் கவனி.

அதே தராசை லூக்காவுக்குக் கொண்டுவருவோம். ‘போதும்’ என்றால் ‘இரண்டு வாள் போதுமானவை’ என்று வைப்போம். எதற்குப் போதும்? வாள் வாங்குங்கள் என்பது நேர்க்கட்டளையானால், இல்லாதவன் ஒவ்வொருவனும் வாங்க வேண்டும். இரண்டு இருந்தால் பத்துப் பேர் கட்டளையை மீறி நிற்கிறார்கள், ஆகவே போதாது. அது உருவகமானால், இனி வழியெங்கும் பகைதான் என்ற எச்சரிக்கையானால், இரும்பை எடுத்துக் காட்டியதே விளங்காத்தனம். அப்போது எத்தனை வாள் காட்டினாலும் போதாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ‘போதுமானவை’ நிற்க இடமில்லை. தாந்தே தொட்ட எண்ணிக்கை இங்கேதான் கடிக்கிறது. போனிஃபாஸ் மிகுதியா என்று மட்டும் பார்த்தார், குறைவா என்று பார்க்கவில்லை.

ஒரேயொரு வாசல் மிச்சம், அதை நேர்மையாகத் திறந்து பார்க்க வேண்டும். கொடியவரோடு எண்ணப்படுவதற்கு இரண்டு வாள் போதும் என்கிறார் என்று சில அறிஞர் வாதாடுகிறார்கள். வாக்கிய அமைப்பு அவர்களுக்குத் துணை: வாள் வாங்குங்கள் என்றதும் ‘ஏனெனில்’ போட்டே எசாயா வருகிறது. பலமான வாதம். ஆனால் அடுத்தடுத்த பக்கங்கள் இதற்கு இடங்கொடுக்கவில்லை. கைது செய்ய வந்தவர்களிடம், கள்வனைப் பிடிக்க வருவதுபோலவா வாளும் தடியுமாக வந்தீர்கள் என்று இயேசு கேட்கிறார். கள்வனாகத் தோன்ற ஏற்பாடு செய்தவர் கேட்கிற கேள்வியா இது? பிலாத்துவின் முன்னால் வைத்த குற்றங்கள் 23ஆம் அதிகாரத் தொடக்கத்தில் வரிசையாக வருகின்றன: மக்களைக் கெடுத்தான், சீசருக்கு வரி கொடுக்கத் தடுத்தான், தன்னை அரசன் என்றான். வாள் பற்றி ஒரு மூச்சும் இல்லை. தோட்டத்தில் ஒருவன் காது அறுபட்டும் அதை எவரும் எடுத்து வைக்கவில்லை. எசாயாவின் வாக்கு எங்கே நிறைவேறுகிறது என்று லூக்கா பிறகு காட்டுகிறார்: இரு பக்கமும் இரு குற்றவாளிகள், நடுவில் அவர்.

இனி சொன்னவரின் அடுத்த அசைவு. வாளால் வெட்டட்டுமா என்று தோட்டத்தில் கேட்கிறார்கள். பதிலுக்குக் காத்திராமல் ஒருவன் வெட்டுகிறான். அவர் நிறுத்தச் சொல்லிவிட்டுக் காதைத் தொட்டுச் சுகமாக்குகிறார். இரண்டு வாள் போதும் என்று உண்மையாகவே அங்கீகரித்திருந்தால் ஒரு மணி நேரத்தில் மனம் மாறினார் என்று சொல்ல வேண்டிவரும். பேச்சை அடைக்கிற ‘போதும்’ வேதத்தில் முன்பே உண்டு. இணைச்சட்டம் மூன்றாம் அதிகாரத்தில், யோர்தானைக் கடக்கவிடும்படி மோசே மன்றாட, போதும், இதைப் பற்றி இனி என்னோடு பேசாதே என்று கடவுள் வாயடைக்கிறார். கிரேக்க எழுபதின்மர் பெயர்ப்பில் அங்கே நிற்பதும் ‘ஹிகனோன்’ என்பதன் வேரிலிருந்து வந்த வினைச்சொல்லே. லூக்கா வாசித்தது அந்தக் கிரேக்கத்தைத்தான்.

ஆகவே என் தீர்ப்பு: அது நிறைவின் ‘போதும்’ அல்ல, பேச்சை முடிக்கிற ‘போதும்’. அதிலும் கோபத்தைவிடக் களைப்பு அதிகம்.

இந்தத் தீர்ப்பு இலவசமாக வருவதில்லை. பையை எடுத்துக்கொள் என்பதை நேராகவும், வாளை வாங்கு என்பதை உருவகமாகவும் ஒரே மூச்சில் வாசிப்பது வசதி பார்த்து வாசிப்பதல்லவா என்று கேட்டால், கேள்வியில் நியாயம் இருக்கிறது. மேலாடையை விற்கச் சொன்னதில் பதில் இருக்கிறதாக நினைக்கிறேன். அது ஏழையின் இரவுப் போர்வை. அடகு பிடித்தவன்கூடச் சூரியன் மறையுமுன் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்கிறது விடுதலைப் பயணச் சட்டம். அதை விற்று வாள் வாங்கு என்பது கண்ணைப் பிடுங்கிப்போடு என்பதைப் போன்ற மிகையுரை. இது எனக்குப் போதிய காரணம், ஆனால் முடிந்த முடிவல்ல. சீடர்களில் எவரும் அதை மிகையாகக் கேட்கவில்லை என்பதையும் தட்டில் வைக்க வேண்டும்.

இன்னொரு விலை இதைவிடக் கசப்பு. சரியான விளக்கம் வந்தால் வாள் உறைக்குள் போய்விடுமா? கல்வின் இந்த இரண்டு வாள் கோட்பாட்டைக் கேலி செய்தே எழுதினார். அவர் வழிவந்த ஒல்லாந்தர் 1639இல் திருகோணமலையைப் பிடித்தார்கள். 1658இல் கத்தோலிக்கக் குருமாருக்கு இடங்கொடுப்பவருக்கு மரணம் என்று இலங்கையில் கட்டளை போட்டார்கள். கத்தோலிக்கக் குரு யோசப் வாஸ் 1687இல் பிச்சைக்காரர் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தது அதனால்தான். லூக்கா 22ஐ அவர்கள் சரியாகத்தான் வாசித்தார்கள். தேவைப்பட்ட வாளை உரோமையர் 13இலிருந்து எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய 1561ஆம் ஆண்டு பெல்ஜிய விசுவாச அறிக்கையின் 36ஆம் பிரிவு அந்த வாளை ஆட்சியாளர் கையில் கொடுத்து, பொய் வழிபாட்டை அகற்றும் வேலையையும் சேர்த்துக் கொடுத்தது. ஒரு வசனத்தின் கதவை அடைத்தால் அடுத்த வசனத்தின் வழியாக வருவார்கள். இதை ஒப்புக்கொள்ளாமல் எங்கள் விளக்கமே சமாதானம் தரும் என்று பிரசங்கிப்பவரை நான் நம்புவதில்லை.

1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், எழுதியவர் எதைச் சொல்ல நினைத்தார் என்பதையும் இலக்கிய வகையையும் பார்த்தே வாசிக்க வேண்டும் என்றது. நல்லது. ஆனால் சங்கம் எதுவும் தொனியைச் சொல்லித்தர முடியாது.

லூக்காவின் திருப்பாடுகள் மூன்றாண்டுக்கு ஒருமுறை வரும். 2019இல் குருத்தோலை ஞாயிறு ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு அன்றே வந்தது. அன்றும் நான்தான் கதை சொன்னேன். இந்த வசனத்தை நடப்பு வேகத்தில் கடந்துபோனோம், எவரும் தொனி பற்றிக் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொச்சிக்கடையிலும், கட்டுவாப்பிட்டியிலும், கொழும்பு விடுதிகளிலும் குண்டு வெடித்து 260க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு பெரிய வாரம் என்றால் கோயில் வாசலில் துப்பாக்கியோடு காவல் நிற்கிறது. நாங்களே கேட்டு வாங்கிய காவல். பையைச் சோதித்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள். காவல் நிற்கும் அந்தப் பிள்ளைகளுக்குத் தேத்தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே வந்து வாள் வேண்டாம் என்ற வசனத்தை வாசிக்கும்போது என் தீர்ப்பின் நாக்கு கொஞ்சம் தடுமாறத்தான் செய்கிறது.

2025 ஏப்ரல் 13. சனம் குருத்தோலையோடு எழும்பி நின்றது. வசனம் வந்தது. உதவிப் பங்குத்தந்தை புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், குரலை ஏற்றாமல், பக்கத்திலிருப்பவரிடம் சொல்வதுபோல அந்தச் சொல்லைச் சொன்னார். முன்வரிசைக் கிழவி ஒருத்தி தன்னைத்தான் ஏதோ சொன்னார் என்று நினைத்தாளோ என்னவோ, விசிறிக்கொண்டிருந்த ஓலையைக் கீழே இறக்கினாள்.

அடுத்த வரி என்னுடையது. அவர் புறப்பட்டு ஒலிவமலைக்குப் போனார் என்பது. இரண்டு மூச்சு விட்டுத்தான் தொடங்கினேன்.